செவலையின் திங்கட்கிழமை

திங்கட்கிழமைகளில் செவலையை வண்டியில் பூட்டுவதில்லை. அது நந்தியான பசவனுக்கு உரிய நாள். தர்மபுரிச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் குடியானவனும் அன்றைக்கு மாட்டின் கழுத்தில் நுகத்தடி வைக்கமாட்டான். வைத்தவன் வீட்டில் விளக்கு நின்று எரியாது என்பார்கள். பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஓடு போட்ட நீளக் கட்டடத்தில் காபி கிளப் நடத்திவந்த ஜானகியம்மாளும் அதை மீறியவளல்ல. புருஷன் காலத்திலிருந்து தொழுவத்தில் நின்ற மாடு எதுவும் திங்கட்கிழமை தெருவைப் பார்த்ததில்லை.

ஆனால் கிளப்புக்குத் திங்கட்கிழமையும் தண்ணீர் வேண்டும். சேலம் பஸ்ஸில் இறங்குகிறவன் முகம் கழுவிவிட்டுத்தான் இலையில் உட்காருவான். அண்டாவில் டிகாக்‌ஷன் இறங்க வேண்டும், அரிசி களைய வேண்டும், எச்சில் பாத்திரம் தேய்க்க வேண்டும். ஆகவே அன்றைக்குச் செவலையின் வேலையை மாயவன் செய்தான். மற்ற நாட்களில் செவலை பீப்பாய் வண்டியில் இழுத்து வருகிற தண்ணீரை, திங்கட்கிழமை அவன் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் மொண்டு, மூங்கில் தடியின் இரு முனையிலும் தொங்கவிட்டு, ராமக்காள் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வருவான். நடுவில் செவலையைக் குளிப்பாட்டி, சாமைக் கஞ்சி காய்ச்சித் தன் கையாலேயே அதற்கு வைப்பான். அது அவன் பிறந்த வத்தல்மலையின் முறை. வாரம் முழுக்க எவன் பூட்டுகிறானோ அவன் கையால்தான் திங்கட்கிழமைக் கஞ்சி. வேறொருவன் வைத்தாலும் மாடு குடிக்கத்தான் குடிக்கும், பூட்டியவன் கணக்கில் பாவம் நிற்கும்.

சரக்கு மாஸ்டர் பச்சியப்பன் அடுப்படி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து வாரம் தவறாமல் ஒரே பேச்சைப் பேசுவான்.

"மாயவா, ஆறு நாளு நீ மாட்ட ஓட்டற. ஏழாம் நாளு நீயே மாடு. என்னா, ஒனக்குக் கஞ்சி வெக்கத்தான் ஆளு இல்ல."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, மாஸ்டரு," என்று மாயவன் தகரங்களைச் சாய்ப்பான்.

யுத்த காலத்தில் சாமை இரண்டு வருஷம் அடுத்தடுத்துப் பொய்த்தபோது மலையை விட்டு இறங்கியவன் மாயவன். கூடவே மனைவி மாதம்மாளும் வந்தாள். ஏரிக்கரைக்குக் கீழே ஒரு குடிசை. அவனுக்குத் தண்ணீர் வண்டி, அவளுக்குக் கிளப்பின் கொல்லையில் ஆட்டுக்கல். நாளைக்குக் காலையில் வேகிற இட்லிக்கு இன்று சாயங்காலம் அவள் கை சுற்றியாக வேண்டும். இரண்டு பேருக்கும் சம்பளம் கொஞ்சம், மீதி சோறு. ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற அந்த நாளில், சம்பளத்தைவிடச் சோறுதான் பெரியது.

சுதந்திரம் வந்த மறுவருஷம், சித்திரை வெயில் இன்னும் இறங்காத ஒரு சந்தை நாளில், மாயவனின் தங்கை புருஷன் காளியன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு வந்து கிளப்பின் கொல்லைப் பக்கம் இறக்கினான்.

"வாங்கண்ணா, மோரு கொண்டாரன்," என்று மாதம்மாள் ஆட்டுக்கல்லை விட்டு எழுந்தாள்.

"மோரு கெடக்கட்டும் தாயி. சேதி சொல்லிட்டுப் போவத்தான் வந்தன்." அவன் மாயவனைப் பார்த்தான். "மச்சான், வர்ற திங்கக்கெழம வுட்டு அடுத்த திங்கக்கெழம பையனுக்குக் காதுகுத்து. ஆசாரிக்குச் சொல்லியாச்சி. ஊர்க்கவுண்டருக்குச் சொல்லியாச்சி."

"கொஞ்சம் தள்ளி வெச்சா..."

"தள்ளறதா? மாசியில தள்ளுனம். அதுக்கு முந்தி ஐப்பசியில தள்ளுனம். பையனுக்குப் பல்லு வுழுந்து பல்லு மொளைக்குது, காது மட்டும் மூடிக் கெடக்குது. கூட வெளையாடறதுங்க மூளிக்காதா மூளிக்காதான்னு கூப்புடுதுங்க. அவன் காதப் பொத்திக்கிட்டு வந்து அடுப்புச் சந்துல ஒக்காந்துக்கறான். இன்னொரு மழ வுழுந்துச்சின்னா அல்லாரும் ஏரு பூட்டப் பூடுவாங்க. பந்தல்ல ஈ கூட ஒக்காராது."

மாயவன் மூட்டையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான்.

"நீ மட்டும் வந்தாலும் ஆவாது. தாய்மாமன் மடியும் வேணும், அத்தக்காரி தட்டும் வேணும். குத்துன அன்னிக்கே எறங்கறதும் ஆவாது, ராத்தங்கி மறுநா வாய் நனைச்சிட்டுத்தான் எறங்கணும். ஒனக்குத் தெரியாததா? இந்த வாட்டி வரலைன்னு வெய்யி, எங்க பெரியப்பன் மவன் மடியில வெச்சிக் குத்திருவம். அப்பறம் ஒந் தங்கச்சி செல்லிக்குப் பொறந்த வூடுன்னு ஒண்ணு இல்ல. அவளே சொல்லச் சொன்னா. அழுதுக்கிட்டுத்தான் சொன்னா, ஆனாலும் சொன்னா."

மோரைக் குடிக்காமலே மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டான்.

கிளப்பில் யாரும் லீவு கேட்டு ஜானகியம்மாள் இல்லையென்று சொன்னது கிடையாது. யாரும் கேட்டதே கிடையாது. சாவுக்குப் போகலாம். போய்விட்டு மறுநாள் தலை முழுகிய ஈரத்தோடு வந்துவிட வேண்டும். கல்யாணம், காதுகுத்து, திருவிழாவெல்லாம் கிளப்பில் சாப்பிட வருகிறவர்களுக்கு உரியவை.

"சாவுன்னு சொல்லிட்டுப் போலாமா?" என்று மாயவன் அன்று குடிசையில் கேட்டான்.

"ச்சீ, வாயக் களுவு. பச்சப்புள்ள காதுல தோடு போடறதுக்கு, யார சாவடிச்சிட்டுப் போவ?" என்றாள் மாதம்மாள்.

இந்த நிலையில்தான் அடுத்த வாரம் புதன்கிழமை, காக்கி அரைக்கால் சட்டையும் தோல் பையுமாக ஒருவர் சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி சாப்பிட்டார். காசு கொடுத்தார். கொடுத்துவிட்டு நகராமல் நின்று, தான் கடைச் சட்ட இன்ஸ்பெக்டர் என்றார். உள்ளே பச்சியப்பன் சர்க்கரை டின்னைத் தூக்கிக்கொண்டு விறகுக் கட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டான். காக்கிச் சட்டை என்றால் ரேஷன் அதிகாரி என்று அவனுக்கு நினைப்பு.

"இங்க வேலை செய்யறவங்களுக்கு எந்தக் கிழமைங்கம்மா லீவு?"

"லீவா? நான் என்ன பள்ளிக்கூடமா நடத்தறன்?" என்றாள் ஜானகியம்மாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், கோபமோ சிரிப்போ வந்தால் கடையிலும் அது எட்டிப் பார்க்கும். "ஏமய்யா, நல்லா சாப்ட்டுட்டு நல்லா கேக்கற கேள்வி."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவர் சிறுவயதுக்காரர். ஊர் ஊராக இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலை வாங்கிப் பழகியிருந்தார். எல்லோரையும் கூப்பிடச் சொன்னார். சட்டினி அரைக்கிறவர், இலை எடுக்கிறவர், கடைசியில் சர்க்கரை டின் இல்லாமல் பச்சியப்பன், ஈரக் கையோடு மாதம்மாள், கொல்லை வாசற்படிக்கு அந்தப்பக்கம் மாயவன் என்று வந்து நின்றார்கள். புதுச் சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொருவருக்கும் ஓய்வு என்றார் அவர். அந்த நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. அதுபோக, ஒரு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு அடுத்த வருஷத்தில் பன்னிரண்டு நாள் தனியாக லீவு, அதுவும் சம்பளத்தோடு.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் இறக்கப் போகவில்லை.

மாயவன்தான் முதலில் கேட்டான். "சாமி, ஒண்ணு கேக்கலாங்களா? வேல செய்யாத நாளுக்குக் கூலி எதுக்குங்க?"

"ஆறு நாள் வேலை செஞ்சதுக்குப்பா."

"ஆறு நாளுக்கு ஆறு நாள் கூலி வாங்கிட்டமுங்களே. ஏழாவது நாளு எங்கிருந்துங்க வருது?"

பச்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "குடுக்கறன்றாரு, வாணாம்ங்கறான் பாரு. மலைக்காரன்னு சும்மாவா சொன்னாங்க."

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வரவில்லை. அவர் கொல்லையில் நின்ற செவலையைப் பார்த்தார். "இந்தப் பக்கம் திங்கக்கிழமை மாட்டைப் பூட்டறதில்லைன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?"

"ஆமாங்க."

"அன்னிக்கி வைக்கோல் போடறீங்களா, பட்டினி போடறீங்களா?"

"பட்டினியா? கஞ்சியே வெப்பமுங்க. மத்த நாள வுட ஒரு பிடி கூட."

"வேலை செய்யாத நாளைக்கு எதுக்குக் கஞ்சி?"

மாயவன் யோசித்தான். "மறுநாளு இளுக்கணுமில்லீங்களா?"

"அவ்வளவுதான். அதைத்தான் சட்டத்துல எழுதியிருக்கு."

மாயவனின் முகத்தில் ஏதோ ஒன்று தெளிந்தது. தனக்குள் தலையாட்டிக்கொண்டான். அடுத்து மாதம்மாள் கேட்டாள், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு. "எங்குளுக்குச் சோறுதானுங்க சம்பளம். லீவு நாள்ல சோறு உண்டுங்களா?"

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. தோல் பையைத் திறந்தார், மூடினார். "சோறும் கூலிதான்னா, லீவு நாளைக்கும் சோறு உண்டு. இருக்கணும்."

"வந்து சாப்ட்டா அது லீவா?" என்றான் பச்சியப்பன். "அப்பறம் ஒரு தட்டு களுவு, ஒரு வெறகு பொளந்து போடுன்னு ஆவாதுங்களா?"

"அது உங்க அம்மா கையில இருக்கு."

ஜானகியம்மாள் கல்லாப் பெட்டியின்மேல் கையை ஊன்றினாள். "அல்லாருக்கும் சொன்ன. நான் விடியக்காலம் வந்து ஒக்கார்றவ, கடைசி பஸ்ஸு போனாத்தான் எழுந்திருக்கறவ. எனக்கு எந்தக் கெழம?"

"முதலாளிக்குச் சட்டத்துல லீவு இல்லீங்கம்மா."

"அதானே பாத்தன்," என்றாள் அவள். அடுத்த முறை வருவதற்குள் யாருக்கு எந்த நாள் என்று எழுதி மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் பாலக்கோடு பஸ் ஏறினார்.

மறுநாளே மாயவனும் மாதம்மாளும் கல்லாப் பெட்டி முன்னால் போய் நின்றார்கள். ஞாயிறு மத்தியானம் போய், திங்கட்கிழமை இருந்து, செவ்வாய் சாயங்காலம் வந்துவிடுவதாக மாயவன் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் தோள் துண்டு மூன்று தடவை கைமாறிவிட்டது.

"ரெண்டு பேருமா? ஒருத்தர் போனாத் தண்ணி இல்ல, ஒருத்தர் போனா மாவு இல்ல. ரெண்டு பேரும் போனா நான் அடுப்புல என்ன ஏத்தறது, என் தலையவா?"

"தாய்மாமன் மடிங்கம்மா."

"போனவங்க திரும்பி வராம பூட்டீங்கன்னா? இதுக்கு முந்தி இருந்த ரெண்டு பேரும் மலைக்குப் போறன்னுதான் போனாங்க. மலை முழுங்கிருச்சி."

மாதம்மாள் மெதுவாகச் சொன்னாள். "காது குத்தலைன்னா எங்க நாத்தனாவுக்குப் பொறந்த வூடு போச்சிங்கம்மா. பொறந்த வூடு இல்லாத பொம்பளைக்கு என்னா இருக்குது, நீங்களே சொல்லுங்க."

ஜானகியம்மாள் அவளைப் பார்த்தாள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள் அவள். புருஷன் போன பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்து எட்டிப் பார்த்ததில்லை.

"போயிட்டு வாங்க. தண்ணிக்கு நான் ஆள் பாத்துக்கறன். மாவு, ஞாயித்துக்கெழம ரெண்டு நாளுக்கானத ஆட்டி வெச்சிட்டுப் போ. புளிச்சா தோசையா ஊத்திக்கறன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மாயவன் தண்ணீர் அடித்தான். தொட்டி, அண்டா, குடம், வாளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் நிரப்பினான். மாதம்மாளின் கையில் உளுந்து பொங்கிப் பொங்கி வந்தது. மத்தியானம் குளித்து, தட்டும் துணியும் வெல்லமும் தேங்காயும் மூட்டையாகக் கட்டினார்கள். பிறகு மாயவன் தொழுவத்துக்குப் போய்ச் செவலையை அவிழ்த்தான்.

"அதும் வருதா?" என்றாள் மாதம்மாள்.

"நாளிக்கித் திங்கக்கெழம. அதுக்குக் கஞ்சி யாரு வெப்பா? மத்தவன் கையால கஞ்சிய வெச்சிட்டு நான் போயி மடியில புள்ளய வெச்சிக்கறதா? நல்லாருக்குமா பையனுக்கு?"

"செவ்வாக்கெழம?"

"ஆளு பாத்துக்கறன்னாங்களே. நான் சொமக்கற மாதிரி அவனும் சொமப்பான். ஓட்டறவன் லீவுல போனா மாட்டுக்கு என்னா வேல இங்க? இன்ஸ்பெக்டரே மாட்டப் பாத்துத்தான சட்டத்தச் சொன்னாரு."

அவளுக்கும் அது சரியாகவே பட்டது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பட்டப்பகலில், பின்சந்து வழியாக, ஏரிக்கரை மேட்டில் ஏறி மூன்று பேருமாக நடந்தார்கள். மலையடிவாரத்தில் தங்கி விடியலில் ஏறுவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலை ஜானகியம்மாள் ஏற்பாடு செய்திருந்த இண்டூர்க்காரன் வந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். மூங்கில் தடியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். முதல் நடை வந்தபோது சிரிக்கவில்லை. இரண்டாம் நடையில் ஒரு தகரத்தை வழியிலேயே கொட்டிவிட்டு வந்தான். தடியைச் சுவரில் சாய்த்து, தோளைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"இதெல்லாம் மனுசன் செய்யற வேலையாங்க? மாட்ட பூட்டிக் குடுங்க, ஓட்டறன். இல்லீன்னா ஆள வுடுங்க."

"திங்கக்கெழமடா இன்னிக்கி."

"அப்பக் கும்புடறனுங்க," என்று போய்விட்டான்.

சாய்த்து வைத்த தடியை ஜானகியம்மாள் பார்த்தாள். எத்தனையோ திங்கட்கிழமைகள் அது கொல்லையில் போவதும் வருவதுமாக இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அது ஒரு சுமை என்பது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. உள்ளே, மாயவன் நிரப்பிவிட்டுப் போனதெல்லாம் தீர்ந்து, தொட்டி வறண்டு சேறு தெரிந்தது. ஓசூர் பஸ் வந்து நின்று, சனம் இறங்கிக் கை கழுவத் தண்ணீர் கேட்டது. பச்சியப்பன் வெளியே வந்து, "என்னாங்கம்மா பண்றது?" என்றான்.

அவள் தானே தொழுவத்துக்கு நடந்தாள். போகிற வழியில் வண்டியின் நுகத்தடியை ஒரு தடவை தொட்டு நகர்த்தி வைத்தாள். தொழுவம் காலியாக இருந்தது. முளைக்குச்சியில் கயிறுகூட இல்லை.

"பூட்டான்! மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் பூட்டான்!" என்று பச்சியப்பன் கத்தினான். "போலீசுக்குச் சொல்லலாங்களா?"

"சும்மா இரு." வெகுநேரம் அவள் அந்தக் காலித் தொழுவத்தின் முன்னாலேயே நின்றாள். பிறகு சொன்னாள்: "அடுப்ப அவிச்சிரு. பலகையப் போட்டு மூடு. நீ கெளம்பி மலைக்குப் போ. மாடு அங்க இருக்குதான்னு பாத்துட்டு வா."

கிளப்பின் வாசலுக்குப் பகலில் பலகை போட்டது, அவள் புருஷன் இறந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

மலையில் அந்த நேரம் பந்தலுக்குக் கீழே மாயவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். தலையில் புதுத்துண்டு, மடியில் பையன், பையனின் வாயில் வெல்லக்கட்டி. ஆசாரி ஊசியைத் துடைத்தபோது பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"கைய எடு சாமி. மாமன் இருக்கன் பாரு."

"வலிக்குமா?"

"வலிக்கும். ஒரு கொசு கடிச்ச மாதிரி."

"எந்தக் கொசு?"

"ஏரிக்கரைக் கொசு. பெருசுதான்."

பையன் சிரித்துக் கையை எடுத்த நேரத்தில் ஊசி போய்விட்டது. அழுகை பந்தலைத் தூக்கியது. மாதம்மாள் தட்டை வைத்தாள். செல்லி அண்ணன் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து, "ஏன்ணா, வர்றதுக்கு இத்தன வருசமா?" என்று அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடி விழுந்த இடம் காய்த்துப்போன இடம். அவளுக்குக் கை வலித்தது. அப்புறம் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

செவலை வேலியோரம் நெற்றியில் மஞ்சளோடு கஞ்சி குடித்துவிட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் பச்சியப்பன் மேலேறி வந்து சேர்ந்தான். அடிவாரம் வரை விறகு லாரி, பிறகு நடை. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. மாட்டைப் பார்த்ததும் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

"அட பாவி மவனே. கடைய மூடிட்டம்டா."

"கடையவா? ஏனுங்க மாஸ்டரு?"

"தண்ணி எங்கடா? நீ மாட்ட ஓட்டிக்கிட்டு வந்துட்ட."

மாயவனுக்கு விளங்கவில்லை. "இன்னிக்கித் திங்கக்கெழமங்களே. இருந்தாலும் பூட்ட மாட்டமே?"

பச்சியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாளிக்கி வேணுமில்ல?" என்றான்.

மாயவனின் முகம் அப்போதுதான் மாறியது. மறுநாளைக்கு வரும் ஆள் மாட்டைப் பூட்டத்தான் வருவான் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் மாதம்மாளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். "திருட்டுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டான்.

"அம்மா சொல்லல. நான்தான் சொன்னன்," என்றான் பச்சியப்பன். "வேல போச்சின்னு வெச்சிக்க."

எழுந்து போய்ச் செவலையின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். செவலை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலை மடக்கிப் படுத்துவிட்டது. இன்னொரு தடவை இழுத்தான். பந்தலில் இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"அதுக்கு லீவுங்க மாஸ்டரு," என்றாள் மாதம்மாள், தன்னையறியாமல்.

காளியன் வந்து பச்சியப்பனின் கையைப் பிடித்து இலை முன்னால் உட்கார வைத்தான். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, தேன் ஒரு கரண்டி. செல்லி குனிந்து பரிமாறினாள். இரண்டாம் தடவை சோறு வைத்தபோது பச்சியப்பன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு பத்தலீங்களா?"

"அதில்ல தாயி. ஊருக்கே எல போட்டவன் நான். எனக்கு ஒருத்தரு எல போட்டு எத்தினி காலமாச்சுன்னு பாக்கறன்." சாப்பிட்டுவிட்டு அதே பாறையில் சாய்ந்தவன், யாராவது வந்து எழுப்பும்வரை எழவில்லை.

செவ்வாய்க்கிழமை வெயில் தாழ நான்கு பேரும் தர்மபுரி சேர்ந்தார்கள், செவலையையும் கணக்கில் எடுத்தால். கிளப் திறந்திருந்தது. யாரோ ஒருவரின் வண்டித் தண்ணீரை வாங்கி, காபி மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாயவன் மாட்டைத் தொழுவத்தில் கட்டிவிட்டு வந்து கொல்லை வாசற்படிக்கு வெளியே நின்றான். மாதம்மாள் அவனுக்கு ஓரடி பின்னால். வேலை போனால் குடிசையும் போகும், சோறும் போகும், அது அவள் கணக்கு. பையனின் காதில் தோடு இருக்கிறது, அது அவன் கணக்கு.

ஜானகியம்மாள் எழுந்து வந்தாள்.

"காது குத்தியாச்சா?"

"ஆச்சிங்கம்மா."

"அழுதானா?"

"நல்லா அழுதானுங்க."

"மாட்டுக்கும் லீவு குடுக்கணும்னு எந்தச் சட்டத்துலடா எழுதியிருக்குது?"

"எங்க மலையிலங்கம்மா," என்றான் மாயவன். "தப்புத்தானுங்க. கேட்டுருக்கணும்."

பச்சியப்பன் கதவோரம் தயாராக நின்றான், ஏதாவது சொன்னால் தானும் ஒரு வார்த்தை சொல்லலாமென்று. ஆனால் அவள் திட்டவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நீ கேட்டிருந்தா வுட்டுட்டுப் போன்னுதான் சொல்லியிருப்பன். வுட்டுட்டுப் போயிருந்தா, நேத்து நான் அதப் பூட்டியிருப்பன்டா. பூட்டத்தான் போனன். தொழுவத்துல அது இல்ல."

செவலை உள்ளே மூச்சுவிட்டது கேட்டது.

"கடைய மூடிட்டு நேத்து நான் என்னா பண்ணன்னு தெரியுமா? குமாரசாமிப்பேட்டை கோயிலுக்கு நடந்து போனன். வெளக்கு வெக்கறவரைக்கும் படியில ஒக்காந்திருந்தன். ஒருத்தரும் வந்து எனக்கு ரெண்டு இட்லின்னு கேக்கல." அவள் சிரித்தாள். "இனிமே திங்கக்கெழம கடை இல்ல. அல்லாருக்கும் ஒரே நாள். அந்த இன்ஸ்பெக்டர் வந்தாச் சொல்லிக்கலாம், மாட்டுக்கு எதோ மனுசனுக்கும் அதேன்னு. போயி தண்ணி கொண்டா, போ. நீங்க இல்லாத மூணு நாள் சோத்துக்கு அரிசி எடுத்து வெச்சிருக்கன், போறப்ப மடியில வாங்கிக்கிட்டுப் போ மாதம்மா."

மாயவன் தொழுவத்துக்குத் திரும்பிவிட்டான். மாதம்மாள் நகரவில்லை.

"என்னா?"

"ஒண்ணு கேக்கலாங்களாம்மா? திங்கக்கெழம கடை இல்லீன்னா, செவ்வாக்கெழம காலம்பர இட்லிக்கு மாவு எப்ப ஆட்டறதுங்க?"

"திங்கக்கெழம சாயங்காலம்..." என்று ஆரம்பித்த ஜானகியம்மாள் பாதியில் நின்றாள்.

"அப்ப எனக்கு எந்தக் கெழமைங்க?"

பச்சியப்பன் உள்ளே போய் அடுப்பை ஊதத் தொடங்கினான், இதற்குத் தான் பொறுப்பில்லை என்பதுபோல. ஜானகியம்மாள் ஆட்டுக்கல்லைப் பார்த்தாள், மாதம்மாளின் கையைப் பார்த்தாள். சட்டம் சொன்னவர் இந்தக் கேள்விவரைக்கும் வரவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மாயவன் வழக்கம்போல எழுந்து மூங்கில் தடியைத் தோளில் போட்டுவிட்டான். "எங்க கெளம்பிட்ட?" என்று மாதம்மாள் கேட்ட பிறகுதான் இறக்கினான். இறக்கியதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் அதை வாங்கி இரண்டு புளியங்கிளைகளுக்கு நடுவில் செருகி, துவைத்த சேலையைக் காயப் போட்டாள். அவன் செவலைக்குக் கஞ்சி வைத்துவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தான். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே பகலில் சும்மா இருப்பது இதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கிய டிரைவர் கை கழுவிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போல, "நாலு இட்லி," என்றார்.

"இட்லி நாளிக்கி," என்றாள் ஜானகியம்மாள் கல்லாவிலிருந்து. "உப்புமா சூடா இருக்குது."

"ஏனுங்கம்மா? அரிசி கிடைக்கலியா?"

"அரிசியெல்லாம் இருக்குது. மாவாட்டற பொம்பளைக்கு நேத்து லீவு."

டிரைவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு உள்பக்கம் எட்டிப் பார்த்தார். "மாவாட்டறவங்களுக்கா?" என்றார்.

கொல்லையில் மாதம்மாள் நாளைக்கு வேண்டிய உளுந்தை ஊறப் போட்டுவிட்டு ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பீப்பாய் வண்டியின் சக்கரச் சத்தம் வந்தது.

"உப்புமாவே குடுங்க," என்றார் டிரைவர்.